இரட்டைக் கொம்பு

ஜெத்தாவிலிருந்து அதாவுல்லா மாமா கொண்டுவந்த பெட்டியைப் பிரித்ததும் அத்தா காற்றில் ஒரு சதுரம் வரைந்து கையை விரித்தார். டிவி எங்கே என்று அர்த்தம். கம்ப்யூட்டர் என்றால் டிவி மாதிரி ஒன்று தனியாக இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நான் மூடியைத் தூக்கி நிமிர்த்தினேன். "இதேதான் அத்தா டிவி. இதுக்குப் பேரு லேப்டாப்."

பெங்களூரில் அத்தாவின் குரல்வளையை எடுத்திருந்த சமயம் அது. தொண்டையில் புற்று. ராயக்கோட்டை தக்காளி மண்டியில் ஏலம் கூவியவர் அவர். தமிழில் தொடங்கி, பெங்களூர் வியாபாரிகளுக்காகக் கன்னடத்தில் ஏற்றி, தெலுங்கில் கிண்டல் செய்து முடிப்பார். சாந்த் பாஷா எந்தப் பெட்டியை விற்கிறார் என்பது பஸ் ஸ்டாண்டில் நிற்பவனுக்கும் தெரியும். இப்போது கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் ஈரத்துணி. வலது கையில் ஏற்கெனவே நடுக்கம் இருந்ததால் காகிதத்தில் எழுதினால் அவராலேயே படிக்க முடியாது. "தட்டுனா போதும் மச்சான், எழுத்து தானா வந்துரும்" என்றார் மாமா.

தானாக எங்கே வருகிறது? நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் ஸ்டோரில், வரும் போகும் சாமான்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையில் இருந்தேன். அங்கே எல்லாம் ஆங்கிலம். தமிழ் எழுத்துகள் உள்ள ஒரு ஃபிளாப்பியை டிடிபி கடையில் வாங்கி வந்து, மெஷினில் ஏற்றி, அத்தா பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினேன். இந்த மெஷினுக்குத் தமிழ் தெரியாது அத்தா. ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் நாம் ஒரு தமிழ் முகமூடி போடுகிறோம், அவ்வளவுதான். நீங்கள் 'கே'யைத் தட்டினால் அதன் மனதில் 'கே'தான் இருக்கும், நமக்கு 'ம' என்று காட்டும். அத்தாவுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. வெளியே ஒரு பாஷை, உள்ளே ஒரு பாஷை. மண்டியில் அவர் செய்துவந்த வேலையே அதுதானே.

இடது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றுதான் அவர் சொன்னதைக் கேட்டது. அதை வைத்தே பழகினார். மண்டியிலிருந்து பார்க்க வந்த திம்மப்பன், "ஏன் பாஷா, மடியில பொட்டிய வெச்சிகினு கூந்திருக்கியே, தக்காளி ரேட்டு சொல்லுமா அது?" என்றார். வேண்டிய இடத்தில் நான் ஷிப்ட் கட்டையைப் பிடித்துக்கொள்ள, அத்தா ஒவ்வொரு கட்டையாகத் தேடித் தட்டித் திரையைத் திருப்பிக் காட்டினார். 'உன் ரேட்டு சொல்லும். அழுகல்.' திம்மப்பன் சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார்.

அம்மா மட்டும் அந்தப் பக்கம் வரவில்லை. அவளுக்கு எழுத்து தெரியாது. "ஊரு சனத்துக்கிட்டெல்லாம் பேசறாரு. என்னிய மட்டும் கோழி வெரட்டுற மாதிரி கை தட்டிக் கூப்புடறாரு சுக்ரா" என்று அடுப்பைப் பார்த்தபடி என்னிடம் சொன்னாள். ஹமீதுன்னிசா என்ற அவள் பெயரை அத்தா ஒருநாளும் சொன்னதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "மே" என்பார். அந்த ஒற்றை எழுத்துக்குள் தண்ணீர் கொண்டா, பசிக்குது, இன்னிக்கு நல்ல ஏலம், உடம்பு முடியல, எல்லாம் இருக்கும். எது என்று அம்மாவுக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திரை நிறைகிற அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கி, 'மே' என்று வரவைத்து அம்மாவை இழுத்து வந்தேன். "இந்தச் சுழிச்ச கொம்பு முன்னாடி நிக்குது பாரு, பக்கத்துல இது ம. இதுதான் நீ."

"இதுவா நானு? ஒட்டகம் மாதிரில்ல இருக்குது" என்றாள். அத்தாவின் தோள்கள் குலுங்கின. சத்தமில்லாத சிரிப்பு.

ஒரு சிக்கல் இருந்தது. நாம் வாயால் சொல்லும்போது 'ம்' முதலில், 'ஏ' பிறகு. ஆனால் இந்த முகமூடி எழுத்தில், கையால் எழுதுவது போலவே, கொம்பை முதலில் போட வேண்டும். இரட்டைக் கொம்பு இருப்பது ஆங்கிலத்தின் பெரிய 'என்'னில். அதற்கு ஷிப்ட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே இன்னொரு கட்டையைத் தட்ட வேண்டும். நான் வேலைக்குப் போய்விட்டால் ஒற்றை விரலால் அது முடியாது. தேடிப் பார்த்தால் மெஷினுக்குள்ளேயே அதற்கு வழி வைத்திருந்தார்கள். ஷிப்ட்டை ஒருமுறை தட்டி விட்டுவிட்டால் போதும், அடுத்த கட்டை வரும்வரை மெஷின் அதை ஞாபகம் வைத்திருக்கும். யாரோ ஒருவர் ஒரு விரல்காரரை நினைத்துச் செய்திருக்கிறார். 

அதன்பின் அத்தா தட்டுவார், அம்மா வருவாள். என் அம்மாவுக்கு ஓர் எழுத்துப் படிக்கத் தெரியும் என்று உத்தனப்பள்ளி வழியாகப் போகும் கம்பெனி பஸ்ஸில் எல்லோரிடமும் சொன்னேன்.

மழைக்காலத்தில் நோய் திரும்பி வந்தது. மறுபடி பெங்களூர். புறப்படுவதற்கு முன் மெஷின் நின்று நின்று போனதால் ஓசூரில் ஒரு கடையில் கொடுத்தேன். அவர்கள் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றியிருந்தார்கள். ஷிப்ட்டின் ஒரு விரல் வழியை ஞாபகமாகத் திரும்பப் போட்ட நான் தமிழை ஏற்ற மறந்திருந்தேன். ஃபிளாப்பி வீட்டில் கிடந்தது. வார்டில் அத்தாவின் மடியில் வைத்துத் திறந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவர் தட்டினார். பெரிய 'என்', சின்ன 'கே'. விரலைத் துணியில் துடைத்துவிட்டு மறுபடி தட்டினார். அதே இரண்டு. முகமூடி கழன்ற மெஷின். அத்தா திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இருங்க அத்தா, நாளைக்கு எடுத்தாந்து..." என்று நான் தொடங்குவதற்குள், எங்களுக்கு முதுகு காட்டி ஜன்னலோரம் ஃபிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா, "தோ வந்துட்டேங்க" என்று திரும்பினாள்.

"அம்மா, இதுல எழுத்தே வரலியே. உனக்கு எப்பிடித் தெரியும்?"

"எழுத்தா? நான் எப்ப அதப் பாத்தேன்?" என்றாள் அம்மா. "டக்குனு ஒண்ணு கேக்கும். கொஞ்சம் நிப்பாரு. அப்பறம் டக் டக்குனு ரெண்டு. அடுப்பு முன்னாடி இருந்தாலும் கேக்குமே சுக்ரா."

அத்தா வெகுநேரம் அவளையே பார்த்தார். பிறகு திரையைப் பார்க்காமலே தட்டினார். ஒன்று. பிறகு இரண்டு.

"இங்கதான இருக்கேன்."

மறுபடியும் தட்டினார்.

"இருக்கேங்க." அம்மா கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கால்மேல் கை வைத்துக்கொண்டாள். சார்ஜ் தீர்ந்து திரை இருண்ட பிறகும் கட்டைகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அத்தாவை ராயக்கோட்டை கபரஸ்தானில் அடக்கம் செய்து, அம்மா வீட்டுக்குள்ளேயே இருந்த நாலு மாத இத்தாவும் முடிந்து, வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. எப்போது லீவு போட்டு வரட்டும் என்று மாமா கேட்டிருந்தார். பதில் எழுத லேப்டாப்பைத் திறந்தேன். தமிழை மறுபடி ஏற்றியிருந்தேன். ஒரு விரல்காரருக்காக வைத்த அந்த வழியை இன்னும் மாற்றவில்லை. அத்தாவின் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கையில் டீ கிளாஸோடு, இன்னொரு கையின் ஒற்றை விரலால் எழுதினேன். அன்புள்ள மாமா, இங்கு நலம். நீங்கள் மே மாதம் வந்தால் நல்லது என்று எழுத நினைத்தேன். நீங்கள் என்பது வரை வந்தது. ஷிப்ட். கொம்பு எங்கே என்று ஒரு நொடி தேடினேன். கொம்பு, ம.

அடுப்படியில் பாத்திரம் வைக்கும் சத்தம்.

"என்னங்க..."

அம்மா நிலைப்படியில் நின்றாள். கையெல்லாம் மாவு. என்னைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்த்தாள், பிறகுதான் அதில் உட்கார்ந்திருந்த என்னை. நான் விரலை எடுக்கவில்லை. திரையில் 'மே'க்குப் பக்கத்தில் சின்னக் கோடு ஒன்று, அடுத்த எழுத்துக்காக, அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது.