பத்து நாற்பதில் தொடங்கும் வீடியோ

பாஸ்கரன் கழிவறைக் கோப்பையின் உட்புறத்தை போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். ஃப்ளஷை அழுத்தி, தண்ணீர் சுழன்று இறங்குவதையும் எடுத்துவிட்டு, "ஒர்க்கிங்" என்று போனுக்கே சொன்னார். என் கணவர் சென்னையில் பதினோரு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டராக இருந்தவர். ஒன்று ஒழுங்காக இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பமாட்டார், ஆதாரம் வேண்டும். நான் துணியோடு பின்னாலேயே போய், போன் திரும்புவதற்குள் குழாயின் தண்ணீர்ப் பொட்டுகளைத் துடைத்தேன். ஆக்லாந்தின் ரானுயிப் பகுதியில், குறுகிய நாள் வாடகைக்கு எடுத்த இந்த விடுமுறை வீட்டுக்கு வந்து மூன்று வாரம். பத்து மணிக்கு வீட்டுக்காரர் சாவி வாங்க வருவார். மணி ஒன்பதே கால் ஆகியிருந்தது.

சாவி வாங்குவது மட்டுமில்லை, எங்களைப் பற்றி அவர் ஒரு நற்சான்றுக் கடிதமும் தரவேண்டும். எங்களுடைய உயிர் அந்தக் கடிதத்தில்தான் இருந்தது. இந்த மூன்று வாரத்தில் ஐந்து வாடகை வீடு கேட்டோம். ஐந்து இடத்திலும் ஒரே கேள்வி: இதற்கு முன்னால் இந்த நாட்டில் எந்த வீட்டில் இருந்தீர்கள், அந்த வீட்டுக்காரர் உங்களைப் பற்றி என்ன சொல்கிறார்? விமானத்தில் வந்து இறங்கியவர்களிடம் இதைக் கேட்டால் என்ன செய்வது. ஐந்தும் கைவிட்டுப் போயின. ஆறாவது த்ரீ கிங்ஸ் என்ற பகுதியில், பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு வீடு. விடுமுறை வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தாலும் போதும், ஆனால் இன்று பன்னிரண்டு மணிக்குள் வரவேண்டும் என்றாள் ஏஜென்ட். நிலையான முகவரி இல்லாமல் மகள் வைஷாலியைப் பள்ளியில் சேர்க்க முடியாது. ஏழு வயதுப் பிள்ளை மூன்று வாரமாக டிவியோடு பேசிக்கொண்டிருக்கிறாள். இப்போதும் பெட்டிகளோடு காரில் உட்கார்ந்து கண்ணாடியில் விரலால் பூனை வரைந்துகொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் விநாயகமூர்த்தி யாழ்ப்பாணத்துக்காரர். கடிதம் கேட்டபோது, "வீட்டைத் தந்த மாதிரியே திருப்பித் தாங்கோ, எழுதித் தாறன்" என்றார். அதில் ஒன்றும் தப்பில்லை. நாங்கள் செய்ததுதான் தப்பு.

படுக்கையறை, அறையைச் சூடாக்கும் ஹீட் பம்ப், ஜன்னல் கொக்கி எல்லாம் முடிந்து சமையலறைக்கு வந்ததும் இருவருக்குமே நடை மெதுவானது. கறுப்புக் கண்ணாடி மின்சார அடுப்பு. அதன் வலது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்த ஒரு வட்டம். நகத்தால் தடவினால் சொரசொரவென்று படும்.

வந்து இறங்கியது ஒரு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் தொடங்குகிறது, அதற்குள் பால் காய்ச்சிவிடு என்று திருச்சியிலிருந்து அம்மா உத்தரவு. மூன்று வாரத்து வீட்டுக்கு எதற்குப் பால் காய்ச்சுவது என்று கேட்டேன். புது நாட்டில் முதல் அடுப்பு இல்லையா என்றாள். திருச்சி ராகு காலம் ஆக்லாந்துக்குச் செல்லுமா என்று நானும் கேட்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. பெட்டியைக்கூட உள்ளே இழுக்காமல், வழியில் டெய்ரி என்கிற தெருமுனைக் கடையில் வாங்கிய பாலில் சர்க்கரையைக் கொட்டி ஏற்றினேன். நுரை எழும்பியது. பொங்கட்டும் என்று கை கட்டி நின்றேன். பொங்கியதும் அணைத்தேன். கேஸ் அடுப்பென்றால் அதோடு தீர்ந்தது. இந்த அடுப்போ அணைத்த பிறகும் சிவந்தபடி கிடந்து, வழிந்த சர்க்கரைப் பாலைக் கண்ணாடியோடு சேர்த்துத் தீய்த்தது. நான் கம்பி நாரை எடுத்துத் தேய்த்தேன். சும்மா விட்டிருந்தால்கூட ஒருவேளை இவ்வளவு ஆகியிருக்காது. எல்லாம் முடிந்து பால் குடித்த பிறகுதான் பாஸ்கரனுக்கு நினைவு வந்து, வீட்டின் நிலையைப் பதிவு செய்ய போனை எடுத்தார். அந்த வீடியோ பத்து நாற்பதில் தொடங்குகிறது. அதில் வட்டம் தெளிவாக இருக்கிறது.

"நாமதானே பண்ணோம்," என்றேன் மெதுவாக.

"நான் பொய் எதுவும் சொல்லப் போறதில்ல ஸ்வர்ணா. வீடியோவைக் காட்டுவேன். அவ்வளவுதான்." போனை அடுப்புக்குக் கிட்டே கொண்டுபோய் வட்டத்தை நிதானமாக எடுத்தார்.

அவர் மேல் கோபம் வந்தது. அதைவிட, அவர் சொல்வது நடந்துவிட வேண்டுமே என்ற ஆசையும் எனக்குள் இருந்தது. அதுதான் வெட்கமாக இருந்தது.

விநாயகமூர்த்தி அங்கிள் பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றி வாசலில் நேராக வைத்தார். கையில் ஒரு ஃபைல். கடிதத்தை வீட்டிலேயே அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார், கையெழுத்துதான் பாக்கி. குளியலறையைப் பார்த்தார், சரிதான் என்று தலையாட்டி ஓம் என்றார். அறைகளைப் பார்த்தார், "நல்ல துப்பரவா வச்சிருக்கிறியள் தங்கச்சி" என்றார். சமையலறைக்கு வந்து மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார்.

"இதென்ன தம்பி?"

பாஸ்கரன் போனை நீட்டினார். "நாங்க வந்த அன்னிக்கு எடுத்தது அங்கிள். தேதி, டைம் எல்லாம் பாருங்க."

அவர் பார்த்தார். திரும்ப ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பால் காய்ச்சுகிற வழக்கம் தெரியாதவரா அவர்? கேட்டுவிடுவார் என்று நினைத்தேன். கேட்கட்டும் என்றுகூட நினைத்தேன். அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அப்ப உங்கட பிழையில்லை. இது நிருஜாவிட வேலை," என்றார். "வீடு கூட்டித் துடைக்கிற பிள்ளை. இஞ்ச படிக்க வந்தவ, தூரத்தில பாபடோயிட்டோயில இருந்து வந்து போறவ. நீங்கள் வர முதல்நாள் எல்லாம் சரி எண்டு போட்டோக்கள் அனுப்பினவ. அடுப்பை மட்டும் எடுக்கேல்லை. ஏன் எடுக்கேல்லை எண்டு இப்பதான் விளங்குது."

கடிதத்தை மேடைமேல் விரித்து வைத்துவிட்டு, தன் போனில் அவளை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். பேருந்துக்குள் இருக்கிறாள் போல, இரைச்சலாக இருந்தது.

"பிள்ளை, ரானுயி வீட்டு அடுப்பில ஒரு கறை கிடக்கு. இந்த ஆக்கள் வர முதலே இருந்திருக்கு. வீடியோ இருக்கு. நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"



"நான் அடுப்பைத் துடைச்சனான் அங்கிள்." குரல் சின்னதாக இருந்தது. "கறை ஒண்டும் இருக்கேல்லை எண்டுதான் நினைக்கிறன்."

"வீடியோவில கிடக்கு எண்டுறன்."

"அப்ப... நான்தான் வடிவாப் பாக்கேல்லைப் போல. மன்னிச்சுக் கொள்ளுங்கோ அங்கிள். அண்டைக்கு எக்ஸாம் முடிஞ்சு வந்தனான், களைப்பில விட்டிட்டன் போல."

"இது சரிவராது பிள்ளை. இந்தக் கிழமையோட நான் வேற ஆளைப் பாக்கிறன்." பேசிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். பாஸ்கரன் கடிதத்தின் ஓரத்தைப் பறக்காதபடி விரலால் அழுத்திப் பிடித்தார். ஜன்னலுக்கு வெளியே வைஷாலி காரை விட்டு இறங்கி எங்களைப் பார்த்துக் கை அசைத்தாள்.

தான் துடைத்த அடுப்பைத் தானே சந்தேகப்படுகிறாளே அந்தப் பெண். இல்லை என்று ஒருமுறை அழுத்திச் சொல்லியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். அவள் மன்னிப்புக் கேட்டதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அங்கிள் கையெழுத்துப் போடத் தொடங்கியிருந்தார்.

"நிருஜா, நீங்க சரியாத்தான் பாத்திருக்கீங்க," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "வந்த அன்னிக்கு நான் பால் காய்ச்சினேன். பொங்கித் தீஞ்சுடுச்சு. அதுக்கு அப்புறம்தான் வீடியோ எடுத்தோம். அந்தக் கறை என்னுது."

பாஸ்கரன் என்னைப் பார்க்கவில்லை. கடிதத்தின் மேலிருந்த விரலை எடுக்கவுமில்லை. போனில் பேருந்து எங்கோ நின்று கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"இது ஆர் கதைக்கிறது?" என்றாள் நிருஜா.

அங்கிளின் பேனா, பாதிக் கையெழுத்தில், தாளைத் தொட்டபடியே நின்றது.