நீலச் சட்டையின் கை

தைத்து முடித்தும் யாரும் வாங்க வராத துணிகளுக்கென்று கடையின் பின்சுவரில் ஒரு கம்பி இருந்தது. ஆறு மாதம் தாண்டினால் முதலாளியம்மா அவற்றை எடுத்து யாருக்காவது கொடுத்துவிடுவாள். அந்த இளநீலச் சட்டை மட்டும் பத்து மாதமாகத் தொங்கியது. அதைத் தைத்தவள் அவ்வப்போது அதன் சீட்டில் தேதியை மாற்றி எழுதி வைத்தது யாருக்கும் தெரியாது.

சட்டைக்குரியவன் பட்டாளத்தான். கடல் கடந்து சண்டைக்குப் போன ஏழாவது வாரம் செத்துப்போனான். திரும்பி வந்ததும் வீட்டில் சொல்லலாம் என்று அவனும் அவளும் பேசி வைத்திருந்ததால், அவளுக்குச் சேதி சொல்ல ஒருவருமில்லை. ஊரோடு ஊராகச் செய்தித்தாளில் படித்தாள். அன்று வழக்கம்போல நான்கு காலர் தைத்தாள்.

பத்தாவது மாதத்தில் ஒரு காலை ரசீதோடு வந்து நின்ற அம்மாளின் முகவாயைப் பார்த்ததுமே அவளுக்கு யாரென்று புரிந்துவிட்டது. அவனுக்கிருந்த அதே குழி.

"என் பையன் பர்சுல இருந்துச்சும்மா. அவன் சாமானெல்லாம் நேத்துதான் வந்து சேந்துச்சு."

சட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். அந்த அம்மாள் அதைத் தடவிப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரர் போட்டுக்கட்டும். அவர் கொஞ்சம் குட்டை. கை மட்டும் ரெண்டு அங்குலம் கொறைச்சுக் குடு. மிச்சத் துணியயும் மறக்காம குடுத்துடு. தையக்காரங்க சங்கதி எனக்குத் தெரியும்."

"வெட்ட வேணாம்மா. உள்ள மடிச்சுத் தச்சுடறேன். பின்னால வேணும்னா பிரிச்சுக்கலாம்."

"வெட்டிடு. இனிமே எங்க வீட்டுல யாரு வளரப் போறா?"

"உக்காருங்கம்மா," என்றாள் முதலாளியம்மா. "அவ கத்தரிய எடுக்கறதுக்குள்ள நீங்க ஒரு தூக்கம் போட்டு எழுந்திரிக்கலாம்."

அவள் கைப்பட்டியைப் பிரித்தாள். அளந்து கோடு போட்டாள். மறுபடி அளந்தாள்.

அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரசீதைப் படித்தாள். "ஒரு சட்டைக்கு மூணு தேதியா? நல்லா இழுத்தடிச்சிருக்கீங்க."

"ரெண்டு தடவை பிரிச்சுத் தச்சோம்மா. தோள் சரியில்லன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. மூணாவது தேதி வர்றதுக்குள்ள பட்டாளத்துல கிளம்பச் சொல்லிட்டாங்க."

அந்த அம்மாள் தோள்பக்கத்தை விரித்துப் பார்த்தாள். "சரியாத்தானே இருக்கு."

"ஆமாம்மா." கத்தரி பாதித் துணியில் நின்றது. "மொத தடவையே சரியாத்தான் இருந்துச்சு."

கண்ணாடிக்கு மேலாக அந்த அம்மாள் அவளை வெகுநேரம் பார்த்தாள். அவள் தலை நிமிராமல் வெட்டி முடித்தாள். கைப்பட்டிகளை மறுபடி வைத்துத் தைத்தாள். தேய்த்து மடித்துக் கொடுத்தாள். தைக்கும்போது ஓரத்தில் சொட்டி நனைந்த இடம் இஸ்திரிப் பெட்டியில் உலர்ந்துவிட்டது.

அந்த அம்மாள் படியிறங்கியதும், வெட்டிய துணியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

"அம்மா, மிச்சத் துணி."

"உங்கிட்டயே இருக்கட்டும்," என்றாள் அந்த அம்மாள், திரும்பாமல். தெருமுனைவரை மெல்லத்தான் நடந்தாள். இவள் கூப்பிடவில்லை. என்ன முறை சொல்லிக் கூப்பிடுவாள்?

கடைக்குள் வந்து, வளையம்போல் இருந்த ஒரு துண்டை வலது மணிக்கட்டில் போட்டுப் பார்த்தாள். அவளுக்கு அது மிகப் பெரிது. கையைத் தூக்கினால் முழங்கைக்கு ஓடியது. கையைத் தொங்கவிட்டால் கழன்று விழுந்தது.

"என்னடி அது?" என்றாள் முதலாளியம்மா.

"மிச்சத் துணிதான்க்கா," என்றாள் குனிந்து எடுத்தபடி.