அறையின் நடுவில் நின்றவர்கள்

லாண்டரிக்காரர் படுக்கையறைக்குள் நுழையும்போதே கூனிக் குறுகித்தான் நுழைந்தார். அடுத்தவர் படுக்கையறைக்குள் போக யாருக்குத்தான் சங்கடமாக இருக்காது? கட்டில் பக்கம் தப்பித் தவறியும் கண் போய்விடக் கூடாது என்று, மின்விசிறிக்கு நேர் கீழே வந்து நின்றுகொண்டார். கைகளைப் பின்னால் கட்டி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டார்.

"ஒண்ணும் கேக்கலையே மேடம்."

"நல்லா கேளுங்க. ம்ம்ம்ம்னு ஒரே மாதிரி வரும். உங்க கடை தொறந்ததும் ஆரம்பிக்கும், மூடுற வரைக்கும் விடாது."

அவர் இன்னொரு முறை கண்ணை மூடினார். பக்கத்தில் நின்ற அவள் கணவனும் மரியாதைக்காக மூடினான்.

"என் மெஷின் பூனைக்குட்டி மாதிரி மேடம். துணி காய வைக்கிற ப்ளோயர் ஒண்ணு ஓடுது. அதுவும் ரெண்டு மாடி கீழ. இங்க வரைக்கும் எப்படி வரும்?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

லாண்டரிக்காரர் அவளைப் பார்க்காமல் அவள் கணவனைப் பார்த்தார். 'பாவம் சார் நீங்க' என்று சொல்லும் பார்வை. கணவனும் 'மன்னிச்சுக்கோங்க' என்பதுபோல் லேசாகத் தலையசைத்தான். அந்தத் தலையசைப்பை அவள் பார்த்துவிட்டாள்.

இந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. அவளுக்கு ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நிரந்தர இரவு வேலை. ஊர் எழுந்திருக்கும் நேரத்தில் வீட்டுக்கு வந்து, குளித்து, திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுப்பாள். அவள் படுப்பதற்கும் கீழே ப்ளோயர் ஓட ஆரம்பிப்பதற்கும் ஜாதகம் பார்த்துப் பொருத்தம் குறித்தது போல் இருக்கும். ம்ம்ம்ம். பெரிய சத்தமாக இருந்தால் சண்டையாவது போடலாம். இது சத்தம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும் சத்தம். மண்டைக்குள் யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவது போல.

எலக்ட்ரீஷியன் வந்தார். அறையின் நடுவில் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை என்றார். குடியிருப்புச் செயலாளர் வந்தார், அதே இடத்தில் நின்று, வயசானால் இன்னும் நிறையக் கேட்கும் என்று ஜோக் அடித்துவிட்டுப் போனார். மாமியார் தன் பாம்புச் செவியைப் பற்றி ஒரு பிரசங்கமே நடத்திவிட்டு, அதே நடு அறையில் நின்று, "என் காதுக்கே கேக்கலைன்னா அப்படி ஒரு சத்தம் உலகத்துலயே இல்லை" என்று தீர்ப்பு எழுதினாள்.

கணவன் இதிலெல்லாம் நியாயஸ்தன். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியர் அல்லவா? சோதித்துப் பார்க்காமல் எதையும் சொல்ல மாட்டான். ஒருநாள் விடுப்புப் போட்டுவிட்டு, கட்டிலில் தன் பாதியில் குவிந்து கிடந்த விடைத்தாள் கட்டுகளை இறக்கி வைத்து, அவளுக்குப் பக்கத்தில் படுத்தும் பார்த்தான். சுவரை ஒட்டிய பாதி எப்போதும் அவளுடையது. ஜன்னல் வெளிச்சம் அங்கேதான் குறைவு.

"இப்ப கேக்குதா?" என்று அவள் கேட்டாள்.

"இல்லை."

"இப்ப?"

பதிலுக்குக் குறட்டை வந்தது. அவனுடைய சோதனை அதோடு முடிந்தது.

போன வாரம் ஆஸ்பத்திரியில் அவள் கை தவறியது. ஒருவருடைய ரத்த மாதிரி இருந்த குப்பியை இன்னொருவருக்கான துளையில் வைத்துவிட்டாள். முடிவு வெளியே போவதற்குள் அவளே கண்டுபிடித்துவிட்டாள். ஆனாலும் மறைக்காமல் மேலே போய்ச் சொன்னாள். பரிசோதனைக் கூடத்தின் தலைமை மருத்துவர் நல்ல மனிதர். திட்டவில்லை. "வேற ஊர்ல நம்ம கிளை ஆஸ்பத்திரி இருக்கும்மா. பகல் வேலை. தங்க இடமும் தர்றாங்க. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள நானே ஃபோன் பண்றேன், சொல்லு" என்றார்.

இன்று வெள்ளிக்கிழமை. கணவன் பள்ளிக்கு விடுப்புச் சொல்லியிருந்தான். அவனால் இந்த ஊரை விட்டு வர முடியாது. அவன் பள்ளிக்கூடம் இங்கே, அவன் அம்மாவின் வைத்தியமும் இங்கே. போனால் அவள் தனியாகத்தான் போக வேண்டும். இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் நேற்றிலிருந்து மூன்று பேரும் பாத்திரங்களைச் சத்தம் வராமல் வைக்கிறார்கள்.

லாண்டரிக்காரரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுக் கணவன் திரும்பி வந்தான்.

"அவர்கிட்ட எதுக்கு அப்படித் தலையாட்டினீங்க?"

"எப்படி?"

"என் பொண்டாட்டி ஒரு மாதிரி, நீங்க கண்டுக்காதீங்கன்னு."

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே."

"தலை சொல்லுச்சு."

கூடத்திலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "காதுல அழுக்கு இருந்தாக்கூட இப்படித்தான் ம்ம்முனு இருக்கும்!"

"காது டாக்டர் பாத்துட்டாரு அத்தை. கண்ணாடி மாதிரி இருக்காம்."

"அப்ப ரத்தம் கம்மியா இருக்கும்."

"நான் வேலை பாக்குறதே ரத்தத்துலதான் அத்தை!"

கணவன் கதவைச் சாத்தினான். "இங்க பாரு. சத்தம் இல்லைன்னு நான் சொல்லலை. எனக்குக் கேக்கலைன்னுதான் சொல்றேன். ரெண்டும் வேற வேற."

"அந்த வித்தியாசத்தைத் தலைக்கு வெச்சுத் தூங்க முடியுமா? நீங்க பிடிச்ச முயலுக்கு மூணு காலு. வகுப்புல பிள்ளைங்க எப்படித்தான் உங்களைத் தாங்குதுங்களோ!"

"அவங்களும் தூங்கத்தான் செய்றாங்க."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். இன்று கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பக்கத்தில் கிடந்த கைபேசியைக் கணவன் பார்த்தான். மருத்துவருக்கு எழுதிய குறுஞ்செய்தி, இன்னும் அனுப்பாமல் திரையில் இருந்தது. 'வருகிறேன் சார்.'

அவன் மெதுவாக எதிரில் உட்கார்ந்தான். "சத்தத்துக்காகவா போறே? வேற வீடு பாத்துக்கலாமே."

"வேற வீட்டுலயும் கேட்டா?"

"ஏன் கேக்கணும்?"

அவள் நிமிரவில்லை. முழங்காலுக்குள்ளேயே பேசினாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லலை. செயலாளர் வந்துட்டுப் போனாரில்ல, அன்னிக்கு அவர் நின்ன இடத்துலயே நானும் போய் நின்னு பாத்தேன். எனக்கும் கேக்கலை."

அவன் தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தான்.

"படுத்தா கேக்குது. எந்திரிச்சு நடுவுல வந்தா நின்னுடுது. திரும்பப் படுத்தா மறுபடியும். எத்தனை தடவை பாத்துட்டேன் தெரியுமா? வெளியில இருக்குற சத்தம் எங்க நின்னாலும் கேக்கணும்ல? அப்ப அது என் தலைக்குள்ளதானே இருக்கு? எல்லாரும் சொல்றது சரிதானே? எனக்குப் பயமா இருக்குங்க. தலை இப்படி ஆகி நாளைக்கு யாருக்காவது தப்பான ரத்தம் போச்சுன்னா? அங்க போனா பகல் வேலை. தூங்கினா சரியாப் போகும்."

தோளில் ஒரு கை விழும் என்று எதிர்பார்த்தாள். குறைந்தபட்சம் ஒரு "அழாதே."

"நடுவுலன்னா எந்த நடு?" என்றான் அவன்.

அவள் தலையைத் தூக்கினாள். அழுத கண்ணில் கோபம் மினுங்கியது. "என்னது?"

"மின்விசிறிக்குக் கீழயா? கொஞ்சம் கொஞ்சமாக் குறையுதா, பட்டுன்னு நிக்குதா?"

"நான் என்ன சொல்லிக்கிட்டிருக்கேன், நீங்க..."

"சொல்லு, சொல்லு. முக்கியம்."

"கொஞ்சம் கொஞ்சமா. கட்டிலை விட்டுத் தள்ளிப் போகப் போகக் குறையும்."

"எதிர்ச் சுவத்துகிட்ட?"

"அங்க பீரோ இருக்கு. நான் எதுக்குப் பீரோகிட்ட போய் நிக்கணும்?"

அவன் எழுந்தான். "அங்கயும் கேக்கும்" என்றான். அறையை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை காலடியால் அளந்தான். உதடுகள் ஏதோ கணக்குப் போட்டன. "அடக் கடவுளே! உன் தலையில ஒண்ணும் இல்லை."

"என்ன?"

"அதாவது, கோளாறு ஒண்ணும் இல்லை. இரு!"

சமையலறைக்கு ஓடி, நீளமான தட்டில் தண்ணீரோடு திரும்பி வந்தான். வழியெல்லாம் சிந்தியதற்கு மாமியார் போட்ட சத்தம் பின்னாலேயே வந்தது, மாமியாரும் வந்தாள். தட்டைத் தரையில் வைத்து ஒரு முனையை மெல்லத் தூக்கித் தூக்கி விட்டான். தண்ணீர் அந்தப் பக்கம் ஏறி, இந்தப் பக்கம் இறங்கி, ஊஞ்சல் போல் ஆடத் தொடங்கியது.

"ஓரத்தைப் பாரு. எப்படி ஏறி இறங்குது? இப்ப நடுவைப் பாரு."

நடுவில் தண்ணீர் கிட்டத்தட்ட அதே மட்டத்தில் நின்றது. இரண்டு பக்கமும் அத்தனை ஆட்டம், நடுவில் ஒரு கோடு மட்டும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"நம்ம அறையும் இந்தத் தட்டு மாதிரிதான். ப்ளோயரோட சத்தம் ஒரு சுவத்துல மோதித் திரும்பி வருது. போறதும் வர்றதும் ஒண்ணு மேல ஒண்ணு விழுது. அந்த அலையோட நீளத்துக்கும் அறையோட அகலத்துக்கும் கனகச்சிதமாப் பொருந்திப் போச்சு. அதனால சுவர் ஓரத்துல காத்து அழுந்தி அழுந்தி விடுது, அங்க சத்தம். நடுவுல ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்குது, அங்க ஒண்ணும் இல்லை. நிலை அலை! உன் தலையணை சுவத்துல. வர்றவங்க எல்லாரும் நடுவுல. என் தலையணையும் கிட்டத்தட்ட நடுவுல. வருஷா வருஷம் நடத்துறேன் இந்தப் பாடத்தை!"

அவன் முகம் பரிசு வாங்கிய பிள்ளையின் முகம் போல இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

"வருஷா வருஷம் நடத்துறீங்க. மூணு மாசமா நான் தூங்கலை."

"நீ நடுவுல கேக்கலைங்கறதை முதல்லயே சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா? 'பாத்தியா, உனக்கே கேக்கலை'ன்னு சொல்லியிருப்பீங்க."

அவன் வாயைத் திறந்தான். யோசித்தான். "ஆமா, சொல்லியிருப்பேன்."

"எப்ப கேக்குதுன்னு கேட்டீங்க. எவ்வளவு கேக்குதுன்னு கேட்டீங்க. சாப்பிட்டியான்னு கூடக் கேட்டீங்க. எங்க கேக்குதுன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா, வாத்தியாரே?"

அவன் குனிந்துகொண்டான். தட்டில் தண்ணீர் மட்டும் கொஞ்சம் ஆடியது.

"போங்க. என் இடத்துல போய்ப் படுத்துப் பாருங்க."

"வேண்டாம். நீ சொன்னதே போதும்."

"ஓஹோ! இன்னிக்கு மட்டும் போதுமா?"

அவன் போய்ப் படுத்தான். சுவர்ப் பக்கம் நகர்ந்து, அவள் தலையணையில் தலை வைத்தான். பரிசு வாங்கிய முகம் மெல்ல மெல்லக் கரைந்தது. ஒரு காதைப் பொத்தினான், மறு காதைப் பொத்தினான், இரண்டையும் பொத்தினான். எழுந்துவிடுவான் என்று அவள் நினைத்தாள். எழவில்லை.

"இதுலயா..." என்றான் கூரையைப் பார்த்துக்கொண்டே. "இதுலயா தினமும் படுத்திருந்தே?"

அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. கட்டிலின் கால்மாட்டு வழியாகச் சுவர் மூலைக்குள் நுழைந்து காதை வைத்தாள். "அடப்பாவிகளா! வண்டு குடையற மாதிரியில்ல இருக்கு! டேய், நீயெல்லாம் ஒரு வாத்தியாரா? இவ கரடியாக் கத்தினாளே!" உடனே பீரோவுக்குப் பக்கத்திலும் போய்க் கேட்டாள். "இங்கயும் இருக்குடா! அந்த லாண்டரிக்காரரைக் கூப்பிடு. பூனைக்குட்டியாம் பூனைக்குட்டி! செயலாளரையும் கூப்பிடு!"

"ஆமாம்மா, எல்லாரும் ஒரு தடவை கேக்கட்டும். அந்த எலக்ட்ரீஷியனும்..."

"யாரும் வர வேண்டாம்!" அவள் போட்ட சத்தத்தில் இருவரும் நின்றார்கள். "மூணு மாசம் நான் மட்டும் கேட்டேன். இப்ப ஊரே வரிசையில நின்னு கேக்கணுமா? எனக்குத் தூக்கம் வருது. கட்டிலை நகர்த்துங்க."

நகர்த்தினார்கள். அவள் தலையணை அறையின் நட்ட நடுவில் வரும்படி கட்டில் நின்றபோது, பீரோ கதவு ஒரு சாண்தான் திறந்தது. கதவுக்குப் போக வேண்டுமானால் ஒருக்களித்து நடக்க வேண்டும். "கல்யாண மண்டபத்துல கட்டில் போட்ட மாதிரி இருக்கு" என்றாள் மாமியார். ஆனாலும் திரைச்சீலையை அவளே போய் இழுத்துவிட்டாள்.

மருமகள் படுத்தாள். காத்திருந்தாள். மின்விசிறி சுற்றும் ஓசை. தெருவில் ஒரு வண்டியின் ஹாரன். கூடத்தில் மாமியார் தரையைத் துடைத்துக்கொண்டே மகனைத் திட்டும் ஓசை. எல்லாம் அந்தந்த ஓசைகளாகவே இருந்தன. அவற்றுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

எவ்வளவு நேரம் தூங்கினாளோ தெரியாது. கண் விழித்தபோது கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவே இருந்த இடுக்கில் கணவன் ஒருக்களித்து நின்றிருந்தான். கையில் அவளுடைய கைபேசி சத்தமில்லாமல் மினுங்கிக்கொண்டிருந்தது. எழுப்பவும் மனமில்லை, எழுப்பாமல் இருக்கவும் துணிவில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது.

"டாக்டர். ரெண்டாவது தடவை கூப்பிடுறாரு" என்றான். "என்ன சொல்லணுமோ சொல்லு. நான் வேணும்னா வெளிய..."

"இங்கயே நில்லுங்க."

கைபேசியை வாங்கினாள். அவன் மூச்சை அடக்கிக்கொண்டான்.

"சார், வணக்கம்... இல்லை சார், தூங்கிட்டிருந்தேன். ஆமா சார், நிஜமாவே தூங்கிட்டேன்." குரலில் அவளை அறியாமல் ஒரு பெருமை வந்தது. "அந்த மாற்றல் வேண்டாம் சார். வேற யாருக்காவது குடுங்க. இங்கயே இருக்கேன்."

மறுமுனையில் அவர் என்னவோ கேட்டார்.

"ஒண்ணும் இல்லை சார். கட்டில் போட்ட இடம் தப்பு."

கைபேசியை அவனிடம் நீட்டினாள். அவன் அடக்கியிருந்த மூச்சை விட்டான், சிரித்தான், குனிந்து ஏதோ சொல்ல வந்தான்.

"சிரிக்காதீங்க. எனக்குக் கோபம் இன்னும் தீரலை" என்றாள். "நல்லாத் தூங்கி எந்திரிச்சு, தெளிவாத் திட்டுறேன்."

"சரி" என்றான் அவன். ஒருக்களித்து நடந்து வெளியே போய், கதவை ஓசைப்படாமல் சாத்தினான்.