அடித்தண்டு

மொட்டை மாடியில் பெயின்ட் வாளிகளில் நின்ற தக்காளிச் செடிகளில் ஒன்றின் அடித்தண்டு கறுத்திருந்ததைத் தம்பிதான் முதலில் பார்த்தான்.

அச்சகத்தில் வேலை போனதிலிருந்து மாதக்கணக்காகப் படுத்தே கிடந்தவன். குளி என்றால் குளிப்பான், சாப்பிடு என்றால் நாலு வாய். தையல் தைத்து வீட்டை ஓட்டிய அக்கா சொன்ன புத்தியெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஒரு நாள் அழுகிய தக்காளியொன்றை அவள் வாளி மண்ணில் பிதுக்கிவிட, அது முளைத்ததைப் பார்க்க மாடியேறியவன், பிறகு தினமும் ஏறினான். நாற்றுகளைப் பிரித்து நட்டான். வெட்டுத்துணிக் கீற்றுகளால் குச்சியில் கட்டினான். "அக்கா, பூ விட்டிருக்கு" என்று அவன் கூப்பிட்ட அன்று அவள் மிஷினை நிறுத்திவிட்டு அழுதாள்.

கறுப்பைக் கண்டதும் அவளுடைய பழைய கத்தரிக்கோலோடு கிளம்பினான். காலையானால் செடி செடியாகக் குனிந்து, புள்ளி விழுந்த கிளைகளை வெட்டுவான். வெட்ட வெட்ட அடுத்த செடி கறுத்தது. காய்கள் பச்சையாகவே தொங்க, மேலே இலைகள் துவண்டன.

ஒரு துண்டுத் தண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு அக்கா நாற்றுப்பண்ணைக்குப் போனாள். பண்ணைக்காரி புரட்டிப் பார்த்தாள்.

"தண்டு நோய்ம்மா. வெட்டுனப்போ கத்தரிக்கோலைச் செடிக்குச் செடி துடைச்சீங்களா?"

"இல்லையே."

"அப்போ அதுதான் ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குச் சுமந்திருக்கு. எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுடுங்க. அந்த மண்ணும் வேண்டாம்."

"ஒண்ணையாவது காப்பாத்த முடியாதா?"

"பொய் சொல்ல மனசு வரலைம்மா."

தம்பி மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தான். "என்னக்கா சொன்னாங்க?"

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள். "விதையிலேயே கோளாறாம்டா. நான் போட்ட அழுகல் தக்காளிதானே."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இல்லக்கா. நான் வெட்டித்தான் பரவுச்சு. எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா வெட்டினே?"

"வேற என்ன செய்யறதுன்னு தெரியலை."

எழுந்தான். தோளைத் தொட்ட அவள் கையை மெல்ல விலக்கிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டான். சாப்பிடக் கூப்பிட்டபோது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். மறுநாளும் எழவில்லை.

அக்கா தனியாக மாடியேறினாள். கட்டுகளை அவிழ்த்தாள். இரண்டு கையாலும் பற்றி இழுத்ததும் முதல் செடியின் தண்டு கறுத்த இடத்தில் மளுக்கென்று முறிந்தது. கட்டையாக நின்றதை மண்ணோடு தோண்டி எடுத்தாள். கீழே வேர் வெள்ளை வெளேரென்று, ஈரமாய், ஒரு பிடி மண்ணை இறுகப் பற்றிக்கொண்டிருந்தது.