காயப்போட்ட டோக்கன்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவள் நதியா. அதை அவள் வாயில் வைத்த நான்தான் இப்போது திரும்ப எடுக்க முடியாமல் முழிக்கிறேன்.

முதல் தொடக்கம்: 'மூஞ்சிக்கல் மேல் மேகம் மெல்ல இறங்கிக்கொண்டிரு...' (வேண்டாம். கொடைக்கானல் என்றதும் மேகத்தை இறக்குகிறவர்களைக் கண்டாலே எரிச்சல் வருகிறது.)

இரண்டாவது: அட்டுவம்பட்டியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் நதியா, காலையிலிருந்து தன் லினக்ஸ் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து உயிரை வாங்கிக்கொண்டிருந்தவர் சேனாதிபதி, பூம்பாறைப் பூண்டு விவசாயிகள் சங்கத் தலைவர். பூண்டைச் சேமிக்க அரசுக் கிட்டங்கியைக் குத்தகைக்கு எடுக்க ஐந்து மணிக்குள் ஆன்லைனில் டெண்டர் போட்டாக வேண்டும். தவறினால் இந்த வருஷப் பூண்டு முழுக்கத் தார்ப்பாய்க்குக் கீழே மழையில் கிடந்து அழுகும்.

தலைவரின் டிஜிட்டல் கையெழுத்து, பென்டிரைவ் மாதிரி ஒரு டோக்கனுக்குள் இருந்தது. அதோடு பேச பிரவுசருக்கு லைப்ரரி என்றொரு கோப்பு தேவை. அதை ஏற்றச் சொன்னால், அப்படியொரு கோப்பே இல்லை என்றது பிரவுசர். கோப்போ அவள் கண்ணெதிரே இருந்தது.

2

அழித்தாள், மறுபடி நிறுவினாள், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் ஆச்சா என்று கேட்டார் சேனாதிபதி. கடைசியில் வியாதியையும் அவரே கண்டுபிடித்தார்.

"ஏந்தாயி, உள்ள ஈரம் ஏறியிருக்குமோ?"

மலையில் எது கெட்டாலும் ஈரம்தான் காரணம். டிவி, மோட்டார், மருமகன்.*

டோக்கனில் கோளாறில்லை என்று நதியாவுக்குத் தெரியும். ஆனால் இந்த மனிதர் எழுந்து போனால்தான் மூளை ஓடும்.

"ஆமாண்ணே. கொஞ்சம் காய வச்சிட்டு வாங்க."

(இவ்வளவு நல்ல பெண் பொய் சொல்வாளா என்று எனக்கே சந்தேகம். சேனாதிபதியோடு அரை நாள் உட்கார்ந்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.)

* மருமகனைப் பற்றி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன்.

3

அவர் போனதும் விஷயம் பிடிபட்டது. பிரவுசரை ஒரு தனிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தது லினக்ஸ். வெளியே இருக்கும் கோப்பு அதன் கண்ணில் படாது. படாததைத்தான் இல்லை என்று சாதித்திருக்கிறது. பெட்டியில் அடைபடாத வேறொரு பிரவுசரைப் போட்டாள். லைப்ரரி ஏறியது. டோக்கனைச் செருகச் சொன்னது.

டோக்கனோடு அவர் போயிருந்த எதிர் டீக்கடைக்கு ஓடினாள்.

பூம்பாறையில் பூண்டைக் கட்டுக்கட்டாக அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகையில் காய வைப்பார்கள். சேனாதிபதி வேறு எப்படிக் காய வைப்பார்? டோக்கன் விறகடுப்புக்கு மேலே நூலில் தொங்கியது. ஒரு பக்கம் இளகி வளைந்திருந்தது.

"நீ சொன்னபடியே செஞ்சிட்டேன் தாயி. நல்லாக் காஞ்சு கெடக்கு."

4

முடிவு ஒன்று: டோக்கன் வேலை செய்கிறது. (எழுதவே கூசுகிறது.)

முடிவு இரண்டு: வேலை செய்யவில்லை. நதியா உண்மையைச் சொல்ல, அவர் பெரிய மனதோடு மன்னி... (எதற்கு மன்னிக்க வேண்டும்? அழுகப்போவது அவருடைய பூண்டு.)

முடிவு மூன்று: வேலை செய்யவில்லை. ஈரம்தான் அண்ணே என்கிறாள். அவர் நம்பிவிடுகிறார். இதைத்தான் என்னால் எழுத முடியவில்லை.

வளைந்த டோக்கன் இன்னும் சூடாக அவள் கையில் இருக்கிறது. டெண்டரப் போட்டுரலாமா தாயி என்கிறார் சேனாதிபதி. அவள் வாயைத் திறக்கிறாள். காய வைக்கச் சொன்ன பொய்யை நான் கொடுத்தேன், பார்த்தீர்களல்லவா, என்ன ஆயிற்று என்று. இதை நீங்கள் கொடுங்கள். கொஞ்சம் வெரசா யோசியுங்கள், ஐந்து மணிக்கு டெண்டரை மூடிவிடுவார்கள்.