அந்தோனிக்கு நாலு ஓட்டை

குருநகர்க் கடற்கரையில் ஓட்டை அடைப்பதற்கு நீக்கிலாப்பிள்ளையை மிஞ்ச ஆள் கிடையாது. முதலில் இதை அவர்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார். சொல்லச் சொல்லக் கேட்டு ஊரும் சொல்லத் தொடங்கிவிட்டது. வள்ளம் எங்கே ஒழுகினாலும், கொஞ்சம் பஞ்சும் உருக்கின குங்கிலியமும் அவர் கையில் கொடுத்தால் போதும். அவர் அடைத்த இடத்தில் கடல் தலைகீழாக நின்றாலும் உள்ளே வராது.

அப்படிப்பட்ட மனிதரின் வீட்டுக்கு, கண்ட பாத்திரத்திலெல்லாம் ஓட்டை போடுகிற ஒரு மருமகள் வந்து வாய்த்தாள்.

அற்புதராணி பண்டத்தரிப்புப் பக்கத்துத் தோட்டக்காரன் மகள். கலியாணம் முடித்துக் குருநகருக்கு வந்த கிழமையே வீட்டு வளவு மண்ணை ஒரு பிடி அள்ளி, நுனிநாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். ஒரே உப்பு. கிணற்றுத் தண்ணீரும் உவர். சண்டைக் காலம், சந்தையில் கத்தரிக்காய் விலையைக் கேட்டவர்கள் கேட்டதோடு திரும்பி வந்தார்கள். மீன் குழம்புக்குப் போட ஒரு பச்சை மிளகாய் இல்லாத வீட்டில் குடித்தனம் நடத்த அவள் தயாராக இல்லை.

"மண் கூடாதெண்டால் என்ன? நல்ல மண்ணைச் சட்டியிலை வைச்சு வளக்கிறது" என்றாள்.

சட்டிக்கு எங்கே போவது? மண்ணெண்ணெய்த் தகரத்தின் வாயை வெட்டினாள். கழுத்துடைந்த குடத்தை எடுத்தாள். பழைய மீன் கடகப் பெட்டியை உப்பும் நாற்றமும் போகும்வரை கழுவி, உள்ளே சாக்குத் துண்டை விரித்தாள். நாற்றுப் போடத் தேங்காய்ச் சிரட்டை. எல்லாவற்றுக்கும் முதல் வேலையாக அடியில் ஆணியை வைத்துத் தட்டினாள். ஒவ்வொரு தட்டும் நீக்கிலாப்பிள்ளையின் நெஞ்சில் விழுந்தது.

"பிள்ளை, நல்ல தகரமல்லோ? மா போட்டு வைக்கலாம். உதுக்கேன் ஓட்டை போடுறாய்?"

"ஓட்டை இல்லாட்டி வேர் அழுகிப்போம், மாமா. செடிக்குத் தண்ணியும் வேணும், மிச்சத் தண்ணி போக வழியும் வேணும்."

"ஊத்துறதும் நீ, ஒழுகவிடுறதும் நீ. நல்ல வேலைதான்" என்று சொல்லிவிட்டு அவர் வலை பொத்தப் போய்விட்டார். ஆனால் மூன்று மாதம் கழித்துக் குழம்பில் தகரத்து மிளகாய் மிதந்தபோது, இரண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டார். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

வளவின் மூலையில், பூவரச மரத்துக்குக் கீழே, இரண்டு கட்டைகளின் மேல் அவருடைய வள்ளம் கிடந்தது. பெயர் அந்தோனியார், அவருக்கு அந்தோனி. முன்பக்கத்து அணியம் உளுத்து, இனிக் கடல் காணாது என்றாகிவிட்டது. மகன் மரியரட்ணம் அதைக் கொத்தி விறகாக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். சண்டைக் காலத்தில் விறகும் பொன் விலைதான். கிழவருக்கு அந்தப் பேச்சே ஆகாது. பெண்சாதி போன பிறகு அவர் மனம்விட்டுக் கதைத்ததெல்லாம் அந்தோனியோடுதான்.

அற்புதராணிதான் குறுக்கே விழுந்தாள். "கொத்தாதேங்கோ. மாமான்ரை வள்ளம் கிடந்த இடத்திலையே கிடக்கட்டும். நான் அதுக்குள்ளை கத்தரி வைக்கிறன்."

நீக்கிலாப்பிள்ளைக்கு மருமகளைத் தூக்கி வைத்துக் கொண்டாடலாம் போல இருந்தது. அந்தச் சந்தோஷம் அவள் அடுத்த வாய் திறக்கும்வரைதான்.

"நாலு ஓட்டை போடவேணும், மாமா."

"அந்தோனியாருக்கோ?"

"வள்ளத்துக்கு."

விறகா, ஓட்டையா என்று இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டார். கடைசியில், தன் வள்ளத்தில் பிறத்தியான் கை படக்கூடாது என்று தானே துறப்பணத்தை எடுத்து, சிலுவை அடையாளம் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு நாலு துளை போட்டார். அற்புதராணி வள்ளத்தை நல்ல தண்ணீரால் பலமுறை கழுவினாள். அடியில் தேங்காய்ப் பொச்சு நாரைப் பரப்பினாள். அவளுடைய தகப்பன் மாட்டுவண்டியில் செம்மண்ணும் ஆட்டெருவும் கொண்டுவந்து கொட்ட, கத்தரியும் வெண்டியும் வரிசையாக எழும்பின.

ஐப்பசி மழை தொடங்கியது. முதல் மழைக்கே அந்தோனியின் அடியிலிருந்து சிவப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்தது. நீக்கிலாப்பிள்ளை பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பவும் பார்த்தார். தன் வள்ளம், ஊரார் கண்முன்னே, ஒழுகுகிறது!

மறுநாள் காலை அற்புதராணி சந்தைக்குப் போயிருந்தாள். மிஞ்சிக் கிடந்த குங்கிலியம் பழுதாகிவிட்டதா என்று சும்மா உருக்கிப் பார்த்தார். பழுதாகவில்லை. பஞ்சும் இருந்தது. நல்ல குங்கிலியத்தை வீணாக்கலாமா? கை தன் பாட்டில் வேலையைப் பார்த்தது. நாலு துளையையும் அடைத்து முடித்து, விரலால் தடவிப் பார்த்தபோது மனதுக்குள் ஒரு குளிர்ச்சி. அன்று மத்தியானம் படுத்தவர் நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

மழை விடவில்லை. இலைகள் பழுத்தன. பூ வைத்த கத்தரி தலையைத் தொங்கப் போட்டது.

"வள்ளத்து மரத்திலை ஊறின உப்பு இன்னும் விடேல்லைப் போல, மாமா" என்றாள் அற்புதராணி.

"இருக்கும், இருக்கும்" என்று அவரும் பெரிய தோட்டக்காரர் போலத் தலையாட்டினார். சத்தியமாக அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒழுகினால் கெடுதி, ஒழுகாவிட்டால் சுகம். அவர் கண்ட உலகம் அவ்வளவுதான்.

ஒரு காலை அவள் ஒரு செடியைப் பிடுங்கினாள். வேர் கறுத்து அழுகி மணத்தது. குழியில் தண்ணீர் தளதளவென்று நின்றது.

"நாலு ஓட்டை இருக்கேக்கை தண்ணி ஏன் நிக்குது? என்ரை கை இந்த ஊருக்கு ராசியில்லை" என்றாள். எப்போதும் ஏதாவது பாட்டை முணுமுணுக்கிறவள், அப்படியே குந்திக் கண்ணைக் கசக்கினாள்.

அப்போதுதான் கிழவருக்குத் தன் குங்கிலிய அடைப்பு நினைவுக்கு வந்தது.

மரியரட்ணம், "அப்பவே சொன்னனான். விறகுக்குத்தான் உது சரி" என்றபடி கோடாலி இரவல் வாங்கப் பக்கத்து வீட்டுப் பேதுருவிடம் புறப்பட்டான்.

மகன் படலையைத் தாண்டினதுதான் தாமதம், நீக்கிலாப்பிள்ளை துறப்பணத்தைத் தூக்கிக்கொண்டு வள்ளத்துக்குக் கீழே புகுந்தார். மல்லாந்து படுத்து, முதல் அடைப்பில் வைத்துத் திருகினார். திருகத் திருக, அடைப்பு அசைகிறதா? மனிதர் அவ்வளவு நன்றாக அடைத்திருந்தார். தன்னைத்தானே திட்டிக்கொண்டு, பல்லைக் கடித்து ஒரு திருகு. பொளக்கென்று விட்டது. பத்து நாள் மழையும் ஆட்டெருவும் சேர்ந்து அவர் முகத்தில் கொட்டின.

"ஐயோ மாமா!" என்று ஓடிவந்த அற்புதராணி, அவர் கையிலிருந்த குங்கிலியக் கட்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். திரும்பவும் கட்டியைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பை வாயில் திணித்தும் முடியவில்லை. அழுதுகொண்டிருந்த கண்ணாலேயே சிரித்தாள். மற்ற மூன்றையும் அவர் திருகிக் கழற்ற, அவளும் குனிந்து கைகொடுத்தாள்.

கோடாலியோடு மரியரட்ணமும் பின்னால் பேதுருவும் வந்து நின்றார்கள். செம்மண் பூசின தகப்பனைக் கண்டு மகன் திகைத்துப்போனான்.

அற்புதராணி முந்திக்கொண்டாள். "ஒண்டுமில்லை. மண் போய் ஓட்டையை அடைச்சிட்டுது. மாமா எடுத்துவிட்டவர்."

நல்ல பிள்ளை. கிழவரின் மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னாள். அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவருக்கு அது பொறுக்கவில்லை.

"மண் அடைச்சதோ? மண் இப்பிடி அடைக்குமோ?" குங்கிலியக் கட்டியை மகனின் மூக்குக்கு நேரே நீட்டினார். "இது நான் அடைச்சது! பத்து நாள் மழைக்கு ஒரு சொட்டு விட்டதோ? கேட்டுப் பார் அவளை!"

பேதுரு சிரித்த சிரிப்பில் வேலிக் காகங்கள் எழும்பிப் பறந்தன. மரியரட்ணம் கோடாலியைப் பேதுருவிடமே திருப்பிக் கொடுத்தான். பாதிச் செடி பிழைத்தது. மிச்சத்துக்கு அற்புதராணி சிரட்டை நாற்றை நட்டாள். நடும்போது பாட்டு கேட்டது.

மூன்றாம் நாள் மழை திரும்பவும் கொட்டியது. பேதுரு வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "அண்ணை, அந்தோனி ஒழுகுது! குங்கிலியம் கொண்டரட்டோ?" என்று கத்தினான்.

"ஒழுகட்டும்! தோட்டத்தைப் பற்றி உனக்கென்னடா தெரியும்?" என்று நீக்கிலாப்பிள்ளை சீறினார். பிறகு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார். வள்ளத்துக்குக் கீழே குனிந்து ஒவ்வொரு துளையாகக் கையை வைத்துப் பார்த்தார். நாலாவது துளையில் தண்ணீர் சரியாக வரவில்லை. தென்னை ஈர்க்கு ஒன்றை முறித்து, நன்றாக வடியும்வரை குத்திவிட்டார்.