கோமகனின் அன்பளிப்பு

இருநூறு வருடங்களாக ஓசியில் நாடகம் பார்த்துவந்த கோமகன் முதன்முதலாகக் காசு கொடுத்தது 1994ஆம் ஆண்டு, இலங்கையிலிருந்து அகதியாக வந்த எங்கள் சனம் போட்ட கூத்துக்குத்தான்.

ஜெர்மனியில் ஹனோவருக்குப் பக்கத்துச் சின்னப் பட்டணம் அது. அங்கிருந்த அரங்கைக் கட்டியவர் கோமகன் என்பதால், செத்த பிறகும் ஒவ்வொரு காட்சிக்கும் பரிவாரத்தோடு வந்து நடு மாடத்தில் இருந்தார். அவர் வந்தால் மின்சாரம் நின்றுவிடும். ஆகவே காட்சிக்கு அறுபது மெழுகுதிரி, பரிவாரத்துக்கு வைன், மாடத்துக்கு விறகு என்று பதினெட்டாம் நூற்றாண்டுச் செலவெல்லாம் அப்படியே தொடர்ந்தது. வரவில் மட்டும் அந்த மாடத்துக்கு எப்போதும் பூச்சியம். அரங்கை நடத்திய யூலியா கோமகனிடம் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார். கடைசியில் நகரசபை முடிவெடுத்தது: வருகிற சனிக்கிழமைக் காட்சியும் நட்டம் என்றால் கதவுக்குப் பூட்டு.

அந்தச் சனிக்கிழமைதான் எங்கள் கூத்து. வாடகைக்காக டொறத்தி அக்கா தன் ஆறு காப்பையும் அடகு வைத்திருந்தார். அவருடைய கணவர் பேனாட் அண்ணைக்கு ராசா வேடம். மண்டபம் நிறைந்தது உண்மைதான். ஆனால் பாதிப் பேர் குழந்தைகள், அவர்களுக்கு டிக்கெட் இல்லை. வந்த காசு மெழுகுதிரிக்கே காணாது என்று அக்கா கண்டுகொண்டார்.

கூத்தின் நடுவே அன்பளிப்புத் தந்தவர்களின் பேரை வாசிப்பது எங்கள் வழக்கம். ஒலிவாங்கி வேலை செய்யவில்லை. அண்ணையின் தொண்டைக்கு அது தேவையும் இல்லை. இரண்டு ஜெர்மன் மார்க் தந்தவருக்கும் பேர், ஊர், கைதட்டல் எல்லாம் கிடைத்தன. பிறகு அண்ணை மாடத்தை அண்ணாந்து பார்த்தார். நல்ல இடத்தில் இருக்கிறவர் பிரதம விருந்தினர். பிரதம விருந்தினர் என்றால் கட்டாயம் தருவார். கேட்டுவிட்டு அறிவிப்பது மரியாதை இல்லை. இதுதான் அவர் கணக்கு. ஆள் செத்தவர் என்பது அவருக்குத் தெரியும், அது வேறு விஷயம்.

"எங்கட பிரதம விருந்தினர், மாண்புமிகு கோமகன் அவர்கள், ஆயிரம் மார்க்" என்று தமிழிலும் ஜெர்மனிலும் முழங்கினார்.

சனம் எழும்பிக் கைதட்டியது. யூலியா கண்ணை மூடிக்கொண்டார். உயிரோடு இருந்தபோதுகூட அப்படியொரு கைதட்டலைக் கேட்டிராத கோமகன் முகம் சிவந்து, பரிவாரத்தின் பைகளையெல்லாம் தடவி, படியிறங்கி வந்து டிக்கெட் மேசையில் வெள்ளிக் காசுகளைக் கொட்டினார். டொறத்தி அக்கா ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்த்தார்.

"இது இண்டைக்கு ஐயா. பழைய இருநூறு வருசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாத் தாங்கோ."

கோமகன் தலையாட்டினார்.

ஹனோவரில் பழைய நாணயம் வாங்குகிற கடைக்காரர் கொடுத்த விலையில் செலவெல்லாம் போக மிச்சமும் வந்தது, காப்பும் மீண்டது. அரங்குக்குப் பூட்டு விழவில்லை. கோமகனுக்கு ஒரேயொரு நிபந்தனை: பேர் வாசிக்க வேண்டும், அதுவும் தமிழில், அதே தொண்டையில். அன்றிலிருந்து எந்த நாட்டு இசை நாடகம் நடந்தாலும் இடைவேளையில் பேனாட் அண்ணை மேடை ஏறுவார். எங்கே கைதட்ட வேண்டும் என்று ஜெர்மன் சனமும் பழகிவிட்டது.

டிக்கெட் மேசையில் டொறத்தி அக்கா இருப்பார். கோமகன் மற்றவர்களோடு வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் காசை வைப்பார். அக்கா எண்ணும்போது ஆறு காப்பும் குலுங்கும். அந்தச் சத்தம் நடு மாடம்வரை கேட்கும். கொஞ்சம் மெல்ல எண்ணலாம் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.